தைப்பூசத்துக்கு லீவு இல்லாத ஊரும் தமிழ் தெரியாமல் காவடி எடுக்கிற ஊரும்

ஈரச்சந்தை (சிங்கப்பூர்)

புது நாட்காட்டி கைக்கு வந்ததும் தைப்பூசம் என்ன கிழமை என்றுதான் முதலில் பார்ப்பேன். சனி, ஞாயிறில் விழுந்தால் நிம்மதி. இல்லையென்றால் மேலாளரிடம் போய் நிற்க வேண்டும். இந்த முறை புதிதாக வந்த மேலாளர், "இது என்ன விழா? பொது விடுமுறைப் பட்டியலில் காணோமே" என்றார். குத்தலாக இல்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். 1968 வரை பட்டியலில் இருந்தது என்றேன். அவருக்கு ஆச்சரியம். வீட்டுக்கு வந்த பிறகும் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்ததால் இந்த இழை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு, 1971க்குள் சிங்கப்பூரிலிருந்து படைகளை எடுத்துக்கொண்டு கிளம்பப்போவதாக அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைத் தளங்களை நம்பியிருந்த காலம். தனி நாடாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. வெளிநாட்டு முதலாளிகளை இழுக்க வேண்டும் என்று வேலைச் சட்டத்தை இறுக்கினார்கள், பொது விடுமுறைகளை 11 ஆகக் குறைத்தார்கள். எல்லாச் சமயத்தாரும் எதையாவது கொடுத்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டர் திங்கள் போனது, முஸ்லிம்களுக்கு நபிகள் பிறந்தநாள். இந்துக்களிடம் தீபாவளியா, தைப்பூசமா என்று கேட்டார்கள். தீபாவளி என்று பதில் போனது.

என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் பெயின்டர். கடைசிவரை "நேவல் பேஸ்" என்றுதான் சொல்வார். வேலை இருக்குமா, போகுமா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவர். லீவு போனதே என்று பாட்டி புலம்பியபோது, "சம்பளம் வந்தாத்தான்டி முருகனுக்குப் பால்குடம்" என்றாராம். அடுத்த தைப்பூசத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு எடுத்து, காவடியும் தூக்கியிருக்கிறார்!

அவர் சொன்னது சரியா, செய்தது சரியா? புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாடு, வளர்வதற்காகத் தன் மக்களிடம் எதையெல்லாம் கேட்கலாம்?

கணக்குப்பிள்ளை (கோயம்புத்தூர்)

நல்ல கேள்வி. ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

சிங்கப்பூரில் 1965இல் ஒரு ஆளுக்கு வருஷ வருமானம் சுமார் 500 அமெரிக்க டாலர். இன்றைக்கு 80,000ஐத் தாண்டிவிட்டது. இதில் நாலைந்து விடுமுறையை வெட்டியதன் பங்கு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? என் கணிப்பில் ஏறத்தாழ சுழி. துறைமுகம் இருந்தது. ஜூரோங்கில் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்பேட்டை போட்டார்கள். பன்னாட்டு நிறுவனங்களை மற்ற புதிய நாடுகள் எல்லாம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோது இவர்கள் வாசலில் கோலம் போட்டு வரவேற்றார்கள். மத்திய சேம நிதி, அரசு வீடுகள், கோளாறில்லாத நிர்வாகம். இவைதான் காரணம்.

விடுமுறை வெட்டு முதலீட்டாளர்களுக்குக் காட்டிய சைகை. "நாங்கள் சாமியைக்கூட விட்டுக்கொடுத்து வேலை செய்வோம்" என்கிற சைகை. பொருளாதாரத்தில் சைகைக்கும் விலை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவசரத்தில் காட்டிய சைகையை அறுபது வருஷம் கழித்தும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

தேக்கா தம்பி (சிங்கப்பூர், ஊர் புதுக்கோட்டை)

அக்கா, உங்களுக்காவது விடுப்பு விண்ணப்பம் இருக்கிறது. நான் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். எங்கள் ஆட்கள் தைப்பூசத்துக்குப் போக வேண்டுமென்றால் முந்தின ராத்திரி ஷிப்ட் முடித்து, பெருமாள் கோயிலில் வரிசையில் நின்று, விடியற்காலையில் டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்து, அப்படியே வேலைக்கு வந்துவிடுவார்கள். தூக்கம் கிடையாது. போன வருஷம் ஒருத்தன் சாரக்கட்டில் ஏற வந்தபோது நெற்றியில் விபூதி காயவில்லை, கண் சொருகுகிறது. ஏற்றவில்லை, தரை வேலைக்குப் போட்டேன். என்மேல் கோபம் அவனுக்கு.

அப்புறம் மேளம். ஊர்வலத்தில் வாத்தியம் கூடாது என்பது 1973இலிருந்து. 2016இல் வழியில் மூன்று இடத்தில் மட்டும் வாசிக்க விட்டார்கள். எங்கள் ஊரில் உறுமி இல்லாமல் சாமி இறங்குமா? இங்கே இறங்குகிறது. பழகிவிட்டது போல.

பால்மரம் (பேராக், மலேசியா)

தம்பி சொன்னதைப் படித்துச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எங்கள் மாநிலத்தில் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை உண்டு. பினாங்கு, சிலாங்கூர், ஜொகூர் ஆகியவற்றிலும் உண்டு. கோலாலம்பூருக்கு 2008இல்தான் வந்தது. பத்துமலைக் கூட்டத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மலேசியா முழுக்க ஐநூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. சிங்கப்பூரில் கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் பள்ளி 1982இலேயே மூடப்பட்டது. ஆகவே மலேசியாவில் பண்பாடு தப்பியது, சிங்கப்பூரில் வளர்ச்சி விழுங்கிவிட்டது என்று பேசுகிறவர்கள் உண்டு. நானும் மேடையில் பேசியிருக்கிறேன். இப்போது அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன்.

நான் முதலில் வேலை பார்த்த பள்ளி ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. காலை ஐந்தரைக்குப் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள், தாய் தகப்பன் பால் வெட்டப் போவார்கள், பிள்ளைகள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து நேரே வகுப்புக்கு வருவார்கள். பாதிப் பேர் பசியாறாமல் வருவார்கள். அந்தப் பள்ளியில் தமிழ் ஏன் வாழ்ந்தது? யாரும் எங்களைக் கண்டுகொள்ளாததால் வாழ்ந்தது. வெளி உலகத்துக்குப் போக வழியில்லாததால் வாழ்ந்தது. 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. வறுமையை இனம் பார்க்காமல் ஒழிப்போம் என்பது அதன் இரண்டு நோக்கங்களில் ஒன்று. தோட்டத்து வாசல் வரைக்கும் அது வந்து சேரவில்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை (பாமாயில் மரம்) நட்டார்கள், ஆள் தேவை குறைந்தது. பிறகு நிலத்தையே விற்றார்கள், வீடமைப்பு வந்தது. சனங்கள் பட்டணத்து ஓரங்களுக்குச் சிதறினார்கள். என் பழைய பள்ளியில் கடைசியாகப் பார்த்தபோது முப்பது பிள்ளைகள்கூட இல்லை.

வறுமை காப்பாற்றிக் கொடுத்த மொழியை நினைத்துப் பெருமைப்பட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை (கோயம்புத்தூர்)

ஐயா, கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

சிங்கப்பூரிலும் பள்ளிகளை அரசு ஒரே நாளில் பூட்டவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கிலம் படித்தால் அலுவலக வேலை, தமிழ் மட்டும் படித்தால் கூலி வேலை என்று ஆனதும் பெற்றோர்களே பிள்ளைகளை மாற்றினார்கள். 1987இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கில வழிக்கு வந்தபோது ஏற்கெனவே பெரும்பாலோர் அங்கேதான் இருந்தார்கள். இது கட்டாயமா, விருப்பமா? சம்பளப் பட்டியலை அரசும் சந்தையும் எழுதிவிட்டு, கீழே கையெழுத்தை மட்டும் பெற்றோரிடம் வாங்கினால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

ஈரச்சந்தை (சிங்கப்பூர்)

விழுங்கிவிட்டது என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. இங்கே தமிழ் ஆட்சிமொழி. டாலர் தாளில் இருக்கிறது, விமான நிலையப் பலகையில் இருக்கிறது, பள்ளியில் இரண்டாம் மொழியாக இருக்கிறது, வானொலி, தொலைக்காட்சி, ஏப்ரல் மாதம் முழுக்கத் தமிழ்மொழி விழா. சில நூறாயிரம் பேருக்காக இவ்வளவு செய்யும் அரசு வேறெங்கே இருக்கிறது?

ஆனால் 2020 கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. 2010இல் மூன்றைத் தாண்டியிருந்தது. ஆங்கிலம் அதே பத்து வருஷத்தில் 32.3இலிருந்து 48.3க்கு ஏறிவிட்டது. என் வீடும் அதில் ஒன்றுதான், மறைக்கவில்லை. என் மகன் தமிழில் 'ஏ' வாங்குகிறான். தொலைபேசியில் பாட்டியிடம் "சாப்பிட்டீங்களா"வைத் தாண்ட மாட்டேன் என்கிறான்.

நம்மைவிட அதிகம் இழந்தவர்கள் சீனர்கள் என்பேன். எங்கள் புளோக்கில் பத்தாவது மாடியில் ஒரு ஹொக்கியன் பாட்டி இருந்தார். 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. 80களின் தொடக்கத்தில் வானொலி, தொலைக்காட்சியிலிருந்து ஹொக்கியன், கேண்டனீஸ், தியோச்சியூ எல்லாம் எடுக்கப்பட்டன. அவற்றை மொழி என்றே சொல்லவில்லை, "கிளைமொழி" என்றார்கள். பாட்டிக்கு மாண்டரின் தெரியாது, பேரனுக்கு ஹொக்கியன் தெரியாது. இருவரும் பேசிக்கொண்டது உடைந்த மலாயில். மின்தூக்கியில் நானே கேட்டிருக்கிறேன், "சுடா மக்கான்?" என்று பேரன் கேட்பான், "சுடா, சுடா" என்பார். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். அவ்வளவுதான் அந்தக் குடும்பத்துக்கு மிச்சமிருந்த பொது மொழி, அதுவும் இரண்டு பேருடையதும் இல்லை.

தமிழுக்கு அந்தக் கதி வராததற்குக் காரணம் நம் சாமர்த்தியம் இல்லை. இந்தியர் என்ற பெட்டிக்கு அரசு எழுதிய பெயர் தமிழாக இருந்தது. மலையாளிப் பிள்ளையும் தெலுங்குப் பிள்ளையும் அந்தப் பெட்டிக்குள் என்ன ஆனார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். 1990இல் பள்ளியில் இந்தி, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி, உருதுக்கு இடம் கொடுத்தார்கள். அந்த இரண்டுக்கும் இல்லை.

முருங்கை (சென்னை)

இந்த இழையில் ஒரு நாடு விட்டுப்போயிருக்கிறது. மொரிஷியஸ். வேலை விஷயமாக இரண்டு வருஷம் அங்கே எபேன் என்ற ஊரில் இருந்தேன்.

1968இல் சிங்கப்பூர் தைப்பூச விடுமுறையை எடுத்தது என்றீர்கள். அதே 1968, மார்ச் 12இல்தான் மொரிஷியஸ் விடுதலை பெற்றது. அங்கே இன்றைக்கும் தைப்பூசம் நாடு முழுக்கப் பொது விடுமுறை, பெயரே 'தைப்பூசக் காவடி'. கூடவே மகா சிவராத்திரி, உகாதி, விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, ரம்ஜான், சீனப் புத்தாண்டு. அடிமை முறை ஒழிந்த நாளுக்கு ஒன்று, ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நாளுக்கு ஒன்று. இவ்வளவு லீவு விட்டுக்கொண்டே வளர்ந்த நாடு அது. 60களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார அறிஞர் (பின்னாளில் நோபல் வாங்கியவர்), கரும்பு ஒன்றை நம்பி, ஜனம் பெருகி, இனம் இனமாகப் பிரிந்து கிடக்கும் இந்தத் தீவுக்கு நல்ல காலம் பிறப்பது கடினம் என்கிற மாதிரி எழுதினார். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் போட்டார்கள். ஹாங்காங் முதலாளிகள் வந்து ஸ்வெட்டரும் சட்டையும் தைக்க ஆரம்பித்தார்கள், கரும்புக்கு ஐரோப்பாவில் நல்ல விலை கிடைத்தது, சுற்றுலா வந்தது. 80களின் தொடக்கத்தில் ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆலைகள் ஆள் தேட ஆரம்பித்துவிட்டன.

ஆகவே கணக்குப்பிள்ளை சொன்னது சரி. சாமியை விட்டுக்கொடுத்தால்தான் சோறு என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஆனால் மறுபக்கம். அந்த நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து உண்டு, தமிழ் எண்ணே உண்டு. நம் ஊர் நோட்டில் தமிழ் எண் கிடையாது! 1998இல் புதுத் தாள் அச்சிட்டபோது தமிழுக்கு மேலே இந்தியை ஏற்றிவிட்டார்கள். தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள், அச்சடித்த நோட்டை எல்லாம் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அடித்தார்கள். அப்படிப் போராடியவர்களில் எத்தனை பேருக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்திருக்கும்? மிகச் சிலருக்குத்தான். அங்கே பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வீட்டு மொழி கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த கலப்பு மொழி.

சும்மா பார்வை

அப்படியானால் அவர்கள் தமிழர்களே இல்லை. மொழி போனால் எல்லாம் போச்சு. நோட்டில் எழுத்து, முதுகில் காவடி, வாயில் கிரியோல். வேஷம்.

முருங்கை (சென்னை)

எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் என் வீட்டுக்கார அம்மா காவடி விரதத்துக்குக் கூப்பிட்டார்.

பத்து நாள் அசைவம் இல்லை, தரையில் படுக்கை. பத்தாம் நாள் கோர் த கார்ட் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கு, வெயிலில் காய்ந்த படிகளில் அலகு குத்திக்கொண்டு ஏறினார்கள். மலையடிவாரம் முழுக்க எலுமிச்சம்பழமும் கற்பூரமும் மணந்தன. திரும்பி வந்ததும் வாழை இலை போட்டு ஏழு கறி. பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'செத் காரி'. ஏழு கறியோடு ரசம், அதை 'ரசோன்' என்கிறார்கள். முருங்கைக்கீரைக்குப் பெயர் 'பிரெட் முரும்', கறிவேப்பிலை 'கறிபுலே'. கடையில் 'காத்தோ பிமா' என்று கேட்டால் கொடுப்பது நம் பருப்பு வடை. சீனரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் வரிசையில் நின்று வாங்கி ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

அந்த அம்மாவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அவருடைய அம்மா கைப்பட, பிரெஞ்சு உச்சரிப்பில், ரோமன் எழுத்தில் எழுதிய முருகன் பாடல்கள். பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை. மூச்சு விடாமல் பாடுவார். பொருள் தெரியாது. ஒரு நாள் என்னைக் கேட்டார்: "எல்லாரும் அரோகரா, அரோகரா என்கிறோமே, அப்படியென்றால் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. சென்னையில் பிறந்து வளர்ந்தவன் நான். சும்மா பார்வை, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், அவருக்கு அனுப்புகிறேன்.

கணக்குப்பிள்ளை (கோயம்புத்தூர்)

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். மொரிஷியஸில் தமிழ் போனது வளர்ச்சியால் இல்லை. பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொத்தனாரையும் தச்சரையும் கொண்டுபோனது 1730களில். பிரிட்டிஷ்காரர்கள் 1834இலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள், போர்ட் லூயியில் அந்தப் படித்துறை இன்றும் இருக்கிறது. ஆலை வந்த 1970க்குள் அங்கே தமிழ் ஏற்கெனவே பெரும்பாலும் கோயிலுக்குள் போய்விட்டது. காலனி ஆட்சியின் கரும்புத் தோட்டம் செய்த வேலை அது. சிங்கப்பூரில் நடந்தது சொந்த அரசு, சொந்தத் திட்டத்தோடு, விடுதலைக்குப் பிறகு செய்தது. மலேசியாவில் பெரும்பாலும் யாரும் எதுவும் செய்யாமலே நடந்தது. மூன்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

பால்மரம் (பேராக், மலேசியா)

சரிதான். ஆனால் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? பாட்டி பேசுவது புரியவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

ஒன்று கவனித்தேன். மொரிஷியஸ்காரர்கள் ஒரு நோட்டின் வரிசைக்காகத் தெருவுக்கு வந்தார்கள். கிரியோல் பேசும் வாயோடுதான் வந்தார்கள். சிங்கப்பூரில் எல்லாம் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளப்படுகிறது, அதனால் யாரும் எதற்கும் வர வேண்டியிருக்கவில்லை. ஈரச்சந்தை அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஈரச்சந்தை (சிங்கப்பூர்)

கோபம் இல்லை ஐயா. ஆனால் என் தாத்தா சம்பளமில்லா விடுப்பில் காவடி தூக்கினாரே, அதுவும் தெருவுக்கு வந்ததுதான். சத்தம் போடாமல் வந்தார்.

தீபாவளியைத் தேர்ந்தெடுத்த விஷயத்தையும் ரொம்ப நாளாக யோசிக்கிறேன். தீபாவளி எல்லா இந்துக்களுக்கும் பொது. குஜராத்தியும் கொண்டாடுவார், பஞ்சாபியும் கொண்டாடுவார். தைப்பூசம் நம்முடையது. இரண்டில் ஒன்று என்று கேட்டால் பொதுவாக இருப்பதுதான் பிழைக்கும், தனியாக இருப்பது போகும். ஹொக்கியனுக்கும் அதுதான் நடந்தது. கேள்வியைக் கேட்ட விதத்திலேயே பதில் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. தாத்தா காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டியிருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். 1968இல் நான் அமைச்சராக இருந்தால் நானும் வெட்டியிருப்பேன். ஆனால் பசி தீர்ந்த பிறகு அதே கேள்வியை வேறு மாதிரிக் கேட்டுப் பார்க்கலாம் இல்லையா? கேட்டால், தைப்பூசம் கொடுத்தால் மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கொடுங்களேன். மொரிஷியஸ் கொடுத்துவிட்டு மூழ்கவில்லையே.

தேக்கா தம்பி (சிங்கப்பூர், ஊர் புதுக்கோட்டை)

அக்கா, லீவு கொடுத்தாலும் எங்கள் பட்டறை திறந்துதான் இருக்கும். இரட்டைச் சம்பளம் என்றால் பாதிப் பேர் வேலைக்கு வந்துவிடுவார்கள், நான் உட்பட. ஊரில் வீட்டுக் கடன் இருக்கிறது.

சும்மா பார்வை

அரோகரா பற்றிக் கேட்டிருந்தார். "ஹர ஹர" என்பது திரிந்து வந்தது என்று நினைக்கிறேன். சிவன் பெயர்.

பால்மரம் (பேராக், மலேசியா)

எங்கள் தோட்டத்துப் பூசாரி, "துன்பத்தை அழித்துக் காப்பாற்று என்று அர்த்தம்" என்பார். எங்கிருந்து எடுத்தார் என்று தெரியாது. வகுப்பில் பிள்ளைகள் கேட்டபோது நானும் அதையேதான் சொல்லிவைத்தேன்.

முருங்கை (சென்னை)

இரண்டையும் குரல் பதிவாக அனுப்பினேன், என்னுடைய உடைந்த கிரியோலில். பதில் வந்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் பாட்டுக்குப் பக்கத்தில் இரண்டையும் எழுதிக்கொண்டாராம். "எது சரி?" என்று கேட்கிறார்.

ஈரச்சந்தை (சிங்கப்பூர்)

என் அம்மாவிடம் கேட்டேன். எழுபத்தாறு வயது, ஐம்பது தைப்பூசம் நடந்தவர். "அதுக்கெல்லாம் அர்த்தமா பார்ப்பாங்க? காவடி கனக்கும்போது தானா வரும்" என்றார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "வாட் டஸ் கனக்கும் மீன்?" என்றான்.